பூச்சியம் தசம் ஏழு

சனி காலை எட்டரைக்கு ஆய்வு முறையியல்.
கிழமை முழுக்கத் தெமட்டகொடையில்
யாரோ ஒரு டென்மார்க் வங்கிக்குப் பிழை பிடித்த கண்களோடு
பம்பலப்பிட்டியில் இறங்கி
பௌத்தாலோக மாவத்தை நீளம் நடக்கிறேன்.

முப்பத்தொரு பேர்.
எல்லோருக்கும் வேலை இருக்கிறது,
எல்லோருக்கும் வேறு வேலை வேண்டும்.
பின்வரிசையில் தினூஷ முழங்கையில் தலைவைத்துத் தூங்குகிறான்,
இரவெல்லாம் சிட்னிக்காக விழித்திருந்தவன்.

கலாநிதி வெத்தசிங்க பலகையில் எழுதினா:
உங்கள் கேள்வி என்ன?
"நான் செய்யப்போவது" என்று தொடங்கிய ஆறு பேரை
ஒவ்வொருவராய் இருத்திவிட்டா.
நஸ்மியா நுளம்புப் பெருக்கம் என்றாள்.
துமிந்த ரயில் தாமதம் என்றான்.
அது ஆராய்ச்சி இல்லை, இயற்கை என்று யாரோ சொல்ல
வகுப்பு அப்போதுதான் விழித்தது.

நான் பெயர்கள் என்றேன்.

சிங்களத்தில் எழுதிய பதிவாளர்,
ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட எழுதுவினைஞர்,
தமிழில், காதால் கேட்டதை எழுதிய இன்னொருவர்.
மூன்று பதிவும் ஒரே ஆள்தானா?
கணினி சொல்லும், ஓர் எண்ணாக,
பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில்.
பூச்சியம் தசம் ஏழும் அதற்கு மேலும் என்றால் அவரே.
கீழே என்றால் அந்நியர்.
ஏன் ஏழு?
நான் வாசித்த கட்டுரைகளில் எல்லோரும்
ஏழு வைத்திருந்தார்கள்.

வெள்ளவத்தை அறையில் கடலோர ரயில் போகும்போதெல்லாம்
மேசை நடுங்கும், மடிக்கணினி நடுங்கும்,
பயிற்சி மட்டும் நிற்காமல் ஓடும்.
அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வாங்கிச் சேர்த்த பெயர்கள்.
அப்பாவுடையதும் இருந்தது: பேரம்பலம்.
நடுவில் உள்ள ப-வுக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து.
அந்த இரண்டையும் நாம் தமிழில் பி என்றுதான் எழுதுகிறோம்.

முடிவு வந்தபோது இரவு ஒன்று இருபது.
பூச்சியம் தசம் ஆறு நான்கு.
அப்பா அப்பாவுக்கு அந்நியர்.

சிரித்தேன். பிறகு வரம்பை ஆறுக்கு இறக்கினேன்.
அப்பா ஒரே ஆளானார்.
அடுத்த வரியில்
கொட்டாஞ்சேனைத் தவமணியும் தவராணியும்
ஒரே பெண்ணானார்கள்.
ஒருத்தியின் ஓய்வூதியம் மற்றவளின் கணக்குக்குப் போகும்.

ஏழில் என் வீடு உடைகிறது,
ஆறில் யாரோ ஒருத்தியின் அடுப்பு அணைகிறது.
இரண்டு வாரம்
இடையில் உள்ள தசமங்களோடு மல்லுக்கட்டினேன்.

அந்த நேரத்தில் விழித்திருக்கும் ஒரே ஆள் தினூஷ.
தன் அரைகுறைத் தமிழில் கேட்டான்:
"தெரியாது எண்டு சொல்ல அதுக்குப் படிப்பிக்க ஏலாதா?"

ஏலும்.
ஐந்தாம் அத்தியாயத்தைக் கிழித்து எழுதினேன்.
இப்போது மூன்று விடை:
அவர்தான், அவரல்ல,
தெரியாது, ஆளைக் கூப்பிட்டுக் கேள்.

கோட்டையில், கண்ணாடிக் கட்டடத்தின் பதினேழாம் மாடியில்
நேர்முகத் தேர்வு.
எத்தனை வீதம் சரி?
எண்பத்தெட்டு.
மற்றவர்கள் தொண்ணூற்றைந்து என்கிறார்களே?
அவர்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார்கள்.
அவர் எதையோ குறித்துக்கொண்டார்.
ஏசி குளிர். கீழே துறைமுகத்தில்
பாரந்தூக்கிகள் பெட்டிகளை எடுத்து எடுத்து அடுக்கின.
வெளிநாடு போகிற எண்ணம் உண்டா?
ஒத்திகை பார்த்த பதில் ஒன்று என்னிடம் இருந்தது.
வாயில் வந்தது: தெரியாது.

வேலை கிடைத்ததா என்று இன்னும் கடிதம் வரவில்லை.

இன்று கட்டுநர் கடையில்
ஐந்து பிரதி, கறுப்பு அட்டை, தங்க எழுத்து.
முகப்பில் பெயர்
பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்க வேண்டுமாம்.
வாகினி பேரம்பலம், ஆங்கிலத்தில்.
எழுத்தெழுத்தாய்ச் சொல்லிக்கொண்டே வந்தேன்.
அச்சுக் கோப்பவன் நடுவில் கை நிறுத்தி
நிமிர்ந்து பார்த்தான்:

"எந்த பி மிஸ்?
பழத்துக்கு வாறதா, பஸ்ஸுக்கு வாறதா?"