நட்டாற்றில் ஒரு புள்ளி

தபால் நிலையத்துச் சுவரில்
நாற்பது குளிர்காலம் தொங்கிய ஓவியம்
என் மேசையில் மல்லாந்து கிடக்கிறது.
சுருட்டுப் புகை, காப்பி ஆவி, யாருடையதோ ஒரு தும்மல்,
எல்லாம் படிந்து
பனிக்குப் பழைய மோரின் நிறம்.

பஞ்சு சுற்றிய குச்சியை எச்சிலில் நனைத்து
(எச்சில்தான்; இந்த அழுக்குக்கு அதைவிட நல்ல மருந்தில்லை)
விரற்கடை விரற்கடையாகத் துடைத்து வருகிறேன்.
முதலில் குதிரை வந்தது,
மூக்கில் வெண்புகையோடு.
பிறகு சறுக்குவண்டி,
ஆட்டுத்தோலுக்குள் புதைந்த இருவர், ஒரு வெண்ணெய்ப் பீப்பாய்.
உறைந்த தொர்னியோ ஆற்றின்மேல்
தடம் தவறாதிருக்க நட்ட ஊசியிலைக் கன்றுகள்:
வேரில்லாத சாலை மரங்கள்,
பனி உடைந்தால் ஆற்றோடு கடலுக்குப் போகிறவை.

இக்கரை பின்லாந்து. அக்கரை ஸ்வீடன்.
அங்கே கடிகாரம் ஒரு மணி பின்னால்.
வேகமான குதிரை இருந்தால்
புறப்பட்ட நேரத்துக்கு முன்பே போய்ச் சேரலாம்.

நட்டாற்றுக்குச் சற்று அப்பால்
ஒரு கரும்புள்ளி.
கடுகில் பாதி.
ஊர் அதை மனிதன் என்றது.
காப்பிக்கொட்டை கடத்திய எல்யாஸ் என்பார் தபால்காரர் ஓனி.
வரி வசூலிக்க வருகிறவன் என்பார்கள் கடன்பட்டவர்கள்.
வெந்லா ஒன்றும் சொல்ல மாட்டாள்.
அவள் கணவன் மார்ச் கடைசியில்
சர்க்கரை வாங்க அக்கரை போனான்.
அந்த ஆண்டு ஆறு முந்திக்கொண்டது.
வரிசையில் ஓவியத்துக்கு நேரெதிர் இடம் அவளுடையது;
சிறுமி நான்கூட
அதைத் தாண்டித்தான் நிற்பேன்.

நேற்று உருப்பெருக்கியின் கீழ்
புள்ளிக்குக் கால்கள் முளைத்தன.
ஆறு கால்.
வெள்ளையில் ஒட்டிய ஒற்றைச் சிறகு.
கொசு.

அப்படியானால் இது ஜூலை.
இரவிலும் அணையாத வெயிலில்
சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு
ஒரு கையால் முதுகில் அறைந்துகொண்டே
மறு கையால் இந்தக் குளிரைத் தீட்டியிருக்கிறான்.
ஈர வண்ணத்தில் அது வந்து உட்கார்ந்தபோது
கவனிக்கவில்லையோ,
கவனித்துச் சிரித்தானோ.

சாமணம் கையில் இருக்கிறது.
ஒரு நொடி வேலை.
அந்நியப் பொருளை அகற்று, குறிப்பேட்டில் பதி:
விதி அவ்வளவுதான்.

வெந்லா போய்ப் பதினோரு ஆண்டு.
தபால் நிலையம் இன்று பிட்சா கடை.
சுவர் அதேதான்,
திங்கட்கிழமை ஆணியில் மாட்ட வேண்டும்.

புள்ளியைச் சுற்றித் துடைத்தேன்.
அவனுக்கு முன்னால் பனி வெளுத்திருக்கிறது,
கொஞ்சம் நடக்கத் தோதாக.
குறிப்பேட்டில் எழுதினேன்:
வலப்பக்கம், தொலைவில், ஆள் ஒருவர்.
சேதமில்லை.