பங்காளி

தாசெக் குளுகோரில்
செம்பனை நிழலில் மேய்ந்துகொண்டிருந்த
இருபத்தேழாம் எண் ஆட்டின் இரைப்பையிலிருந்து
காலை ஏழரைக்குக் கால் லிட்டர் வாங்கினேன்.
குழாயை உருவிவிட்டுத் தவராணியக்கா சொன்னார்:
கடன்தான், மத்தியானத்துக்குள் ஊறிவிடும்.

காப்பி ஊற்றும் ஃபிளாஸ்க்.
முப்பத்தொன்பது டிகிரி குறையக் கூடாது,
காற்றுப் படக் கூடாது.
காற்றுப் பட்டால் செத்துப்போகிறவர்களை
ஃபெரியில், அத்தனை கடற்காற்றுக்கும் நடுவே
மடியில் வைத்து அக்கரை சேர்க்கிறேன்.
புளித்த புல் வாடைக்குப்
பக்கத்து இருக்கைக்காரர் எழுந்துபோனார்.
நல்லது,
ஃபிளாஸ்க்குக்கு ஓர் இடம் கிடைத்தது.

ஒரு சொட்டுக்குள்
இந்த நாட்டு ஜனத்தொகை பத்து மடங்கு.
எல்லோருக்கும் ஒரே சோறு, புல்.
ஒரே வீடு, இருட்டு.

வெள்ளிக்கிழமை
பதினான்காம் தட்டில் ஒரு புள்ளி.
புள்ளியைச் சுற்றி எட்டு மில்லிமீட்டருக்கு ஒன்றுமில்லை.
சாம்பல் படலத்தில்
யாரோ விரலால் துடைத்துவைத்த வட்டம்.
அளவுகோலை மூன்று முறை வைத்துப் பார்த்தேன்.
ஹஸ்லிண்டா எதுவும் பேசாமல் கீழே போய்
இரண்டு தே தாரிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

எங்கிருந்தோ படையெடுத்து வரும் எதிரிக்குக்
காய்ச்சிவைத்த விஷம் என்றுதான் நினைத்தேன்.
இல்லை.
அந்நியக் கிருமியை அது திரும்பிப் பார்ப்பதே இல்லை.
அதே குலம், அதே உருவம்,
அதே புல்லுக்கு வாய் திறக்கும் பங்காளியின்
தோலில் மட்டும் துளை போடுகிறது.
போடுமுன்
தன் தோலுக்கு ஒரு பூட்டுச் செய்துகொள்கிறது.
பிறை வீட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போன
என் சித்தப்பாக்களுக்கு
இவ்வளவு முன்யோசனை இருந்ததில்லை.

அதை மட்டும் பிரித்தெடுத்துத்
தனித் தட்டு, தனிச் சாப்பாடு, தனி வெப்பம் கொடுத்தேன்.
கொழுத்தது.
மூன்று வாரமாகியும் வட்டம் இல்லை.
மானிய அறிக்கையில் எழுத ஒரு வரி இல்லை.
கேட்க ஆளில்லாத வீட்டில்
விஷம் காய்ச்ச யார் மெனக்கெடுவார்கள்?

நேற்று
பங்காளிகளைக் கொதிக்கவைத்துக் கொன்று
உடல்களை மட்டும் அதன் குடுவையில் விட்டேன்.
இன்று காலை பன்னிரண்டு மில்லிமீட்டர்.
செத்தவன் என்று கூடத் தெரியாமல்
பகையின் வாடையிலேயே
அதற்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது.

ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரியில்
எந்த மருந்துக்கும் மசியாத ஒன்று
நாலாம் வார்டில் குடியிருக்கிறதாம்.
மாதிரி கேட்டுக் கடிதம் எழுதியாயிற்று.
பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி
குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்திருக்கிறோம்.
பதில் வரவில்லை.

சொந்தமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.
ஒன்றுவிட்ட சொந்தமாவது.