நாற்பத்தைந்து

பேட்ஜில் யார் பெயர்மேலோ
ஒட்டிய என் பெயர்.
கீழே, ஆக்டிவிட்டி டைரக்டர்.

முஹர்ரக் முதியோர் இல்லம், காலை பத்து.
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
திங்களன்று பலூன். ஒரு கையும் நீளவில்லை.
செவ்வாய், களிமண்.
ஹாஜி மன்சூர் முகர்ந்துவிட்டுத் தள்ளிவைத்தார்.

இன்று பிங்கோ.
இரவெல்லாம் உருப்போட்ட அரபு எண்கள்.
உருண்டு வந்தது நாற்பத்தைந்து.
அரபியில் ஐந்துதான் முதலில் வரவேண்டும்;
நான் நான்கை முந்தவிட்டேன்,
ஐம்பத்துநான்காகிவிட்டது.

"பிங்கோ!" உம்மு ரஷீத்.
பந்தைப் பிடுங்கிப் பார்த்த மன்சூர்
"பொய்!"
ஒரு செருப்பு பறந்தது.
'எப்போதும் உறக்கம்' என்று ஃபைலில் இருந்த மூவர்
கட்சி பிரிந்து கத்தினார்கள்.

ஓடிவந்த நர்ஸ் மரிவிக்
வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மாலை அறிக்கையில் எழுதினேன்:
சண்டை, இருபது நிமிடம்.
பங்கேற்றவர் பதினொன்று.
செருப்பை இன்னும் தேடுகிறோம்.