ஜன்னல் இல்லாத பக்கம்

கடோவிட்செயில், சரக்கு ரயில் பாதைக்குப் பின்னால்,
பதினோரு மாடிக் கட்டிடத்தின் வடக்குச் சுவர்.
ஒரு ஜன்னல்கூட வைக்காமல் விட்டிருந்தார்கள்,
குளிருக்குப் பயந்தோ, கண்ணாடிக்குக் கணக்குப் பார்த்தோ.
நகராட்சி என்னை அங்கே அனுப்பியபோது
என் காகிதச் சுருளுக்குள் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தான்:
நெற்றியில் விளக்கு, முகமெல்லாம் கரி,
ஆறு மாடி உயரம்.

துணி உலர்த்தும் அறையில் கூட்டம்.
ஈரப் போர்வைகளுக்கு நடுவே அவனை விரித்தேன்.
ஒதிலியா காலுறையைக் கொடியில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"இருபத்தெட்டு வருஷம் இந்த ஆளோடு குடித்தனம் பண்ணியாயிற்று.
இனி வெளியிலும் நிற்க வேண்டுமா?"

சுருட்டினேன்.
"வேறு என்ன வரைய?"
போர்வைக்குப் பின்னாலிருந்து யாரோ:
"ஜன்னல்."

கெரார்டின் சமையலறை அந்தச் சுவரை ஒட்டி.
உருளைக்கிழங்கு உரிக்கும் நேரமெல்லாம்
எதிரே சுண்ணாம்பு.
அவருக்குப் புறாக்கள் வேண்டும், பதினொன்று,
கால் வளையத்தின் எண் உட்பட.
கீழே தொலைநோக்கியோடு நின்று கத்துவார்:
"அந்தக் கழுத்து பச்சை இல்லையய்யா,
மழைத் தேக்கத்தில் பெட்ரோல் சிந்தின நிறம்!"
மூன்று முறை அழித்தேன்.
நான்காவது முறை அவரே கலந்து வாளியில் அனுப்பினார்.
அந்த நிறத்துக்கு என்னிடம் இன்னும் பெயரில்லை.

மூன்றாம் மாடித் தம்பதி
பேச்சு நின்றுபோனவர்கள்.
ஒரே ஜன்னலுக்கு இரண்டு திரை கேட்டார்கள்,
தனித்தனிக் கடிதத்தில்.

மிரோஸ்லாவா எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவள்.
கடல் வேண்டும் என்றாள்.
எந்தக் கடல் என்று கேட்டது என் மடமை.
கைப்பேசியை நீட்டினாள்:
படம் நிறைய ஒரு பையனின் காது,
காதுக்கும் சட்டகத்துக்கும் நடுவே
ஒரு விரல் அகலம் நீலம்.
அந்த விரல் அகலத்தை மட்டும் வரைந்தேன்.
மிச்சத்தை அவள் அறிவாள்.

ஐந்தாம் மாடி க்சவேரி
ஒன்றும் வேண்டாம் என்றார்.
சாத்திய ஜன்னல்?
வேண்டாம்.
வெறும் கறுப்பு?
"அதுவும் ஏதோ ஒன்றுதானே."

ஒப்புக்கொள்கிறேன்: எனக்குப் பொறுக்கவில்லை.
சுவர் நடுவே ஓட்டைப்பல் போல அந்த இடம்.
ஒரு மாலை, யாரும் பார்க்கவில்லை என்று,
சின்னதாய் ஒரு பூந்தொட்டி வைத்தேன்.

காலையில் க்சவேரி கீழே காத்திருந்தார்,
கையில் கம்பித் தூரிகை.
திட்டவில்லை. இடுப்புப் பட்டையைக் கேட்டு வாங்கினார்.
தூக்குக் கூடையில் இருவரும் ஏறினோம்.
ஒரு மணி நேரம் தேய்த்தார்,
நான் கூடையைப் பிடித்துக்கொண்டேன்.
தொட்டி போனது,
அதற்கடியில் பழைய புகை போனது,
அதற்கும் அடியில்
சிமெண்ட் வார்த்த பலகையின் ரேகைகள்,
ஒரு முடிச்சு, ஓர் ஆணித் தடம்.
எங்கோ நின்ற ஒரு மரம்
தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தது.

திறப்பு விழாவில் துணை மேயர் இருபத்திரண்டு ஜன்னல் என்றார்.
இருபத்தொன்று என்று ஒரு குழந்தை திருத்தியது.
என் பெயரை மூலையில் எழுதச் சொன்னார்கள்.
தூரிகையைக் கழுவிவிட்டேன் என்றேன்.

ஜூன் மாதம் மட்டும், மாலை ஏழரைக்கு மேல்,
வடக்குச் சுவரைச் சாய்வாக வெயில் உரசிப் போகும்.
புறாக்கள் அசையாது. நீலம் அசையாது.
பலகை ரேகைகள் மட்டும்
நிழல் பிடித்து எழுந்துகொள்ளும்.
மடக்கு நாற்காலியோடு க்சவேரி அங்கே இருப்பார்.

சென்ற வாரம் கேட்டார்:
"உங்கள் வண்ணத்துக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம்?"
"பதினைந்து."
"என்னுடையதற்கு?"
என்றவர், பதிலுக்கு நிற்காமல்
நாற்காலியை மடித்தார்.