ஒரு கம்பி குறைந்த கூடாரம்

வாரம் ஆறு நாள் காசிமேட்டில்
ஐஸ் பெட்டி ஏற்றும் குட்டியானையை
மூன்று முறை கழுவினார் டில்லிபாபு,
ஒரு முறை என் ஷாம்பூ போட்டு.
அப்படியும் தண்டையார்பேட்டை தாண்டும்வரை
சிக்னலுக்குச் சிக்னல் பூனைகள் எங்களைத்
தூரத்து உறவைப் போலப் பார்த்தன.

பின்னால் பாய், ஸ்டவ், எலுமிச்சை சோறு,
சஷ்வினுக்கு மாற்று டிரவுசர் ஐந்து,
பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய கூடாரம்.
"நாலு பேர் படுக்கலாம் மேடம்" என்றவன்
எந்த நாலு பேர் என்று சொல்லவில்லை.

பழவேற்காடு போகிறோம்.
கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில்
ராத்திரி தங்கப் போகிறோம்.
பவிஷா வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்,
வேன் டிரைவரிடமும்:
"அந்த லைட்டு சுத்தும்போது எங்க மேலயும் படும்."

எர்ணாவூர் தாண்டியதும் சாலை நின்றது.
முன்னால் டிரெய்லர். அதற்கு முன்னால் டிரெய்லர்.
துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர்கள்,
சிவப்பு, நீலம், துருப்பிடித்த ஆரஞ்சு.
ஒரு மணி நேரம். எலுமிச்சை சோறு தீர்ந்தது.
இரண்டு மணி நேரம். டிரவுசர் இரண்டு தீர்ந்தது.
அவர் ஹாரனை அடித்தார்.
நான் அவரை அடிக்காமல் இருந்தேன்.
வலப்பக்கம் கடல், பாறைகளில் தலையை மோதி
எங்கள் எரிச்சலையும் சேர்த்துப் பட்டுக்கொண்டிருந்தது.

ஆறு மாதமாகத் தள்ளிப்போட்ட ஞாயிறு இது,
வண்டித் தவணைக்கு எடுத்துவைத்த பணம் இது
என்றெல்லாம் சொல்ல வந்தேன். சொல்லவில்லை.
"கூடாரத்தை எடு" என்றேன்.

வண்டியின் முதுகிலேயே போட்டோம்.
ஒரு கம்பி குறைந்தது.
பக்கத்து டிரெய்லரின் சக்கரத்தடியில்
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து
தன் கேபின் துடைக்கும் மாப்புக் குச்சியைச் செருகினார்.
பெயர் பக்கிரிசாமி. ஊர் சங்ககிரி.
"நீங்களும் கேம்ப்பிங்கா அங்கிள்?"
பவிஷா கேட்டாள்.
அவர் சிரிக்காமல் யோசித்தார்.
"ஆமா கண்ணு. பதினோரு வருஷமா."

தக்காளித் தொக்கைத் தட்டில் வைத்து நீட்டினார்.
அவர் மகளும் ஒன்றாம் வகுப்புதானாம்.
வீடியோவில் முகம் காட்டச் சொன்னால்
போனைக் காதில் வைத்துக்கொள்வாளாம்.
"தெனமும் அவ காதத்தான் பாக்குறேன்.
தோடு மாத்திருக்கா."

இருட்டியது.
வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்
பட்டை பட்டையாய், உச்சியில் சிவப்பு மினுங்க.
"வந்துட்டோம்!" கத்தினான் சஷ்வின்.
"லைட் ஹவுஸ்! மூணு இருக்குப்பா!"

பவிஷா என்னைப் பார்த்தாள்.
அவளுக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.
வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.
தம்பியின் தாடையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி
"எண்ணுடா, எத்தன தடவ கண்ணடிக்குதுன்னு" என்றாள்.
இருபத்தொன்பது வரை வந்தான்,
அதற்கு மேல் அவனிடம் எண்கள் இல்லை.
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி
பாதியில் தூங்கிப்போனான்,
என் கையில் ஒரு காலை வைத்துக்கொண்டு.
கூடாரத் துணி கடல்காற்றில் உப்பி உப்பி அடங்கியது.
டில்லிபாபு வெளியே ஸ்டெப்னியில் தலைவைத்து
எங்களுக்காக ஒரு கதவைப் போலப் படுத்திருந்தார்.

நாலரைக்குப் பக்கிரிசாமியின் வரிசை முதலில் நகர்ந்தது.
தூங்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு
குச்சியைக் கேட்காமல் கிளம்பிப்போனார்.

பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம், போகாமல் இல்லை.
மேலே ஏற மூன்று மணிக்குத்தான் விடுவார்களாம்.
வெயிலில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான் சஷ்வின்.
"இது ரிப்பேரா? புகையே வரல."
அவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

திரும்பும் வழியெல்லாம் நான்
மடியில் மாப்புக் குச்சியோடு
எதிரே வரும் டிரெய்லர்களின் நெற்றியில்
டிஎன் ஐம்பத்திரண்டு இருக்கிறதா என்று
பார்த்துக்கொண்டே வந்தேன்.