முந்நூறு அடி

பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை
இந்தத் தீவில் என் கால் படக் கூடாது.
யார் காலும் படாமல் பார்த்துக்கொள்ளத்தான்
எனக்குச் சம்பளம்.

கால்வாய் முகத்தில் படகை நிறுத்தி
முந்நூறு அடிக்கு இப்பாலிருந்து பார்ப்பேன்,
கருங்கண்டல் புதரில் கூழைக்கடாக்கள்
சுள்ளிமேல் சுள்ளி அடுக்குவதை,
மணல் திட்டில் ஆலாக்கள்
எதையுமே அடுக்காமல்
முட்டையை மட்டும் வைத்துவிட்டுச்
சண்டைக்கு நிற்பதை.
காற்று திரும்பினால் நாற்றம்:
மீன், எச்சம், செத்த குஞ்சு, மறுபடி மீன்.
அதற்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும்.

மே மாதம் ஒரு ஜோடி வந்தது,
கல்யாணப் படம் எடுக்க.
பெண் வெறுங்காலில், கையில் செருப்பு.
"ஐந்தே நிமிஷம்" என்றாள்.
லூயிசியானா வெயிலில்
ஐந்து நிமிஷம் போதும் என்றேன்.
எதற்கு என்று கேட்டாள்.

முட்டை வேக.

இறால் படகு க்ளோவிஸ் தெரியோவுக்கு
என்னைக் கண்டால் ஆகாது.
அவன் அப்பன் இங்கே கரையேறி
வலை உலர்த்தியவன்.
அப்போது தீவு முப்பது ஏக்கர்.
"இதுங்க வரி கட்டுதா?" என்று
கடக்கும்போதெல்லாம் கத்துவான்.
ஜூலைப் புயல் எங்கள் பலகையைப்
பிடுங்கிக்கொண்டு போனபோது
நாலு மைல் தள்ளி வலையில் சிக்கியதை
என் படகில் எறிந்துவிட்டு
ஒன்றும் பேசாமல் போனான்.
பெயின்ட் உரிந்து
'இறங்காதே'யில் மிஞ்சியிருந்தது
'இறங்கு' மட்டும்.

அக்டோபரில் இறங்கினேன்.
மேற்குக் கரை பதினாலு எட்டு குறைந்திருக்கிறது.
போன வருஷம் முளைக்குச்சி அடித்த இடத்தில் அலை.
குளிர்காலத்தில் மணல் கொட்டுவார்களாம்,
சிப்பி ஓட்டு மூட்டைகளை அடுக்குவார்களாம்,
ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கியாம்.

காலிக் கூடுகளை எண்ணிக்கொண்டே போனேன்.
தூண்டில் நரம்பு, ரொட்டிப் பை,
ஒரு நீல டூத்பிரஷ்.
இருநூற்றுப் பதினொன்றாவது கூட்டில்
ஏப்ரலில் காற்று பறித்துக்கொண்ட
என் இடது கையுறை.
சுள்ளிகளுக்குள் செருகி, எச்சம் பூசி,
உள்ளங்கைக் குழியில்
ஒரு முட்டை ஓட்டுத் துண்டு.

எடுக்கவில்லை.
குறிப்பேட்டில் இதை எழுதக் கட்டம் ஏதும் இல்லை.
211 என்று போட்டேன்,
212க்கு நடந்தேன்,
சட்டைப் பையில் வலது உறையோடு.