அரை இஞ்ச் டாலரன்ஸ்

ஊருலகத்துக்கே பனியன் தைக்கிற திருப்பூரில்
ஒரு கோட்டுக்கு மூன்று நாள் அலைந்தேன்.
கடுதாசியில் போட்டிருந்தார்கள்:
நேர்காணலுக்கு ஃபார்மல்ஸ் கட்டாயம்.
கையில் ரெண்டாயிரம். ஷூவும் அதில்தான்.

கண்ணாடிக் கடையில் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து
இருந்தபடியே திருப்பி வைத்தேன்,
தூங்கும் பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி.
வாடகைக்குக் கெடைக்குமுங்க என்றான் ஒருத்தன்,
யாரோ மாப்பிள்ளையின் சந்தனம் அப்பிய
மெரூன் கோட்டை நீட்டி.

காதர்பேட்டையில்
கிலோக் கணக்கில் டீசர்ட் அள்ளிப் போடும் சந்தில்
ஒரு மூட்டைக்கு அடியில் கிடந்தது:
கரி நிறம், ரெண்டு பொத்தான்.
எந்த நாட்டுக்கோ தைத்து எதற்கோ திரும்பியது.
லேபிளைப் பாதியில் வெட்டியிருந்தார்கள்.
உள்துணியில்
சின்னதாய் ஒரு சிவப்பு அம்பு.

எனக்குத் தெரியாதா அந்த அம்பை.
பதினெட்டு வருஷம் செக்கிங் டேபிளில்
ஒரு ஷிப்டுக்கு முந்நூறு ஒட்டியவன்.
ஆயில் கறை, தையல் விட்டது, ஊசி ஓட்டை.
கம்பெனி பூட்டிய அன்று என் சட்டைப் பையில்
ஒரு சுருள் மிச்சமிருந்தது.

இது எதைக் காட்டுகிறது என்று
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
ஒன்றும் அகப்படவில்லை.
"தொள்ளாயிரத்தம்பது. கொறைக்கறதுன்னா
மூட்டையக் கட்டி வெச்சுட்டுப் போங்க."

மாடிப்படிக்கு அடியில் ஆல்ட்டரேஷன் ஜரீனா.
போடச் சொல்லி, பின்னால் வந்து தட்டினாள்.
"தோள் உக்காந்துருச்சு, அது போதுமுங்க.
இடுப்பப் புடிச்சுக்கலாம், கையச் சுருக்கிக்கலாம்.
தோளுக்குக் கத்திரி வெச்சா கோட்டு செத்துரும்."
டேப்பை என்மேல் போட்டாள்.

லட்சம் உடுப்பை மேசையில் மல்லாத்தி அளந்திருக்கிறேன்.
மார்பு, நீளம், ஆர்ம்ஹோல்.
அரை இஞ்ச் கூடலாம், அரை இஞ்ச் குறையலாம்,
தாண்டினால் தனியே எடுத்துவை.
என்னை யாரும் அளந்ததில்லை.
கல்யாணத்துக்கே ரெடிமேட்.

"எடது தோள் முக்கா இஞ்ச் எறக்கமுங்க"
குண்டூசியை உதட்டில் கவ்வியபடி சொன்னாள்.
துணி ரோல் சுமந்த ஆரம்ப வருஷங்கள்
இன்னும் அங்கேதான் குந்தியிருக்கின்றன போல.
முக்கால்.
என் டேபிளில் என்றால் அம்பு ஒட்டியிருப்பேன்.

"உள்ள ஒரு பேடு வெச்சா சரியாப் போயிரும்.
எல்லாஞ் சேத்து நூத்தம்பது. பேரு?"
சென்னியப்பன் என்றேன்.
துண்டுச்சீட்டில் 'சென்னி, முக்கால்' என்று எழுதிவிட்டு
அடுத்த ஆளுக்கு ஜிப் மாட்டப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி நாகமணி செல்போன் டார்ச் பிடிக்க
தையல் தையலாகத் தேடினேன்.
காலருக்கு அடியில் ஒரே ஒரு தையல்
குதித்துப் போயிருந்தது.
"இதுக்குப் போயா வேண்டாம்னாங்க?"
இதுக்குத்தான்.
அம்பை உரிக்கப் போனாள். இருக்கட்டும் என்றேன்.
ஏன் சொன்னேனோ.

அவினாசி ரோட்டில் ஏசி அறை.
எதிரே இருந்தவர் டீசர்ட் போட்டிருந்தார்.
என் பயோடேட்டாவைத் தொடவில்லை.
எழுந்து வந்து, இந்த ஊர் வழக்கப்படி,
கோட்டு ஓரத்தை ரெண்டு விரலில் தேய்த்தார்.
"பாலி விஸ்கோஸ். எவ்வளவுக்குங்க?"
சொன்னேன்.
"அம்பது ரூவா ஜாஸ்தி."
அப்புறம் கை பழகின பழக்கத்தில்
முன்பக்கத்தைத் திறந்து உள்துணியைப் பார்த்தார்.

சிவப்பாய் அங்கேயே இருந்தது.
ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தோம்.
"டிபெக்ட் எங்கீங்க?"
காலரைத் திருப்பிக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என் இடது தோளுக்கு மேல் குனிந்தார்,
குதித்த தையலைத் தேடி.

முக்கால் இஞ்ச்சைப் பற்றி
நான் வாய் திறக்கவில்லை.